அம்மாவின் தொண்ணூறு நாள்: கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஹாம் வரை

5 அக்டோபர் 2025, ஞாயிறு

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெர்மனியிலிருந்து சின்னம்மா அழைத்தார். அவருக்கு அது காலைக் கோப்பி நேரம். "அக்கா வந்து மூண்டு மாசம் நிண்டிட்டுப் போகட்டும். உங்களுக்கு விசா ஒண்டும் தேவையில்லைத்தானே, பிறகென்ன யோசனை?"

முதல்முறை படிப்பவர்களுக்காக உறவைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அப்பா ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா வந்தவர். அவருடைய தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார். தம்பிக்கு இரண்டு மகள்கள். மூத்தவர்தான் சின்னம்மா, எண்பதுகளில் அகதியாக ஜெர்மனி போய் இப்போது ஹாம் நகரவாசி. இளையவர் குஞ்சியம்மா, சாவகச்சேரியில் இருக்கிறார். ஆக அம்மாவிடம் மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்), சின்னம்மாவிடம் ஜெர்மன், குஞ்சியம்மாவிடம் இலங்கை. மூவரும் கடைசியாக ஒரே வீட்டில் எப்போது இருந்தார்கள் என்று அம்மாவைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

விசா தேவையில்லை என்பது சரிதான். மலேசியர்கள் ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கு, சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் விசா இல்லாமல் போகலாம். ஆனால் "மூண்டு மாசம்" என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் என்பதுதான் விதி. இறங்கும் நாளும் ஏறும் நாளும் அதில் அடங்கும். நவம்பர் 20 போய்ப் பிப்ரவரி 20 திரும்பினால் நம் வாய்க்கணக்கில் மூன்று மாதம். எல்லைக் காவலர் கணக்கில் 93 நாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மா ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் இருந்தார்.

7 அக்டோபர், செவ்வாய்

இரவு முழுக்க நாட்காட்டியும் கையுமாக இருந்தேன். பாரிஸ் மாணிக்க விநாயகர் தேருக்கென்று அத்தை குடும்பத்தோடு போன அம்மா, ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 3 வரை அங்கே இருந்தார். பத்து நாள். பிரான்ஸ் வேறு, ஜெர்மனி வேறு என்பது நம் பார்வை. ஷெங்கன் 29 நாடுகளுக்கும் ஒரே கணக்கு.

பலர் இதை ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியும் அரையாண்டு போல நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணி, அதற்குள் எத்தனை நாள் இருந்தாய் என்று பார்ப்பார்கள். நவம்பர் 20 போனால் பிப்ரவரி 7 அன்று புதிய நாட்கள் 80, பாரிஸ் நாட்கள் 10, ஆக 90 நிறைந்துவிடும். பிப்ரவரி 8 தங்கினால் அது சட்டமீறல். பாரிஸின் முதல் நாள் கணக்கிலிருந்து உதிர்வதற்குப் பிப்ரவரி 21 ஆகிவிடும். அதுவரை காத்திருந்து பயனில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் இணையக் கணிப்பானில் தேதிகளைப் போட்டேன். அதே விடை.

சின்னம்மாவுக்குச் சொன்னேன். "பத்து நாளுக்கு ஆர் கணக்குப் பாக்கப் போறாங்கள்?" என்றார். நாற்பது வருடம் ஜெர்மனியில் இருந்தவர் கேட்கிற கேள்வியா இது!

13 அக்டோபர், திங்கள்

ஆர் கணக்குப் பார்ப்பார்கள் என்பதற்கு நேற்றே பதில் வந்துவிட்டது. அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் ஈ.ஈ.எஸ். என்ற புதிய பதிவு முறை நடப்புக்கு வந்திருக்கிறது. முகத்தைப் படம் எடுத்து, நான்கு விரல் ரேகை வாங்கி, வந்த நாளையும் போன நாளையும் கணினியில் ஏற்றிவிடுவார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் ரேகை வேண்டாம். கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. பதிவு மூன்றாண்டு இருக்கும். ஜெர்மனியில் முதலில் தொடங்கியது டுசல்டார்ஃப் விமான நிலையத்தில். நாங்கள் இறங்கப்போவதும் அங்கேதான்.

எல்லா எல்லைகளுக்கும் இது வந்து சேர ஏப்ரல் 2026 ஆகுமாம். அதுவரை முத்திரையும் குத்துவார்கள். அம்மாவின் பாரிஸ் பத்து நாள் முத்திரையாக மட்டுமே இருக்கிறது, கணினியில் இல்லை. அதனால் தப்பித்துவிடலாம் என்று தம்பி ஒரு யோசனை சொன்னான். அவனுக்குப் பதில் சொல்ல அம்மாவே போதும்: "பாவாடை கட்டிய வயசிலேயே பொய் சொன்னதில்ல, எழுபத்தொண்ணுல சொல்லச் சொல்றியா?"

17 அக்டோபர், வெள்ளி

கடப்பிதழ். அம்மாவுடையது 2026 ஏப்ரல் 19 வரை செல்லும். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும் என்பது விதி. பிப்ரவரி தொடக்கத்தில் திரும்பினால் மே வரை வேண்டும். சில வாரம் குறைகிறது. பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. மலேசியப் புத்தகம் ஐந்தாண்டுதான் என்பதால் அது நம்மைத் தொடாது.

குடிநுழைவுத் துறைக்குப் போய்ப் புதுப்பித்தோம். மற்றவர்களுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்), அறுபது தாண்டியவர்களுக்கு 100. ரத்தான பழைய புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். பாரிஸ் முத்திரை அதில்தான் இருக்கிறது. கேட்டால் காட்ட அது கையில் இருக்கவேண்டும்.

22 அக்டோபர், புதன்

தீபாவளிக் களைப்பு. டிக்கெட் மட்டும் போட்டேன். கடப்பிதழில் அம்மா பெயருக்கும் தாத்தா பெயருக்கும் நடுவே இருக்கிற "ஏ/பி" (மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம்) எந்த விமானப் பதிவுப் படிவத்துக்கும் பிடிப்பதில்லை. சாய்கோட்டை விட்டுவிட்டு "ஏபி" என்று சேர்த்துப் போட்டுவிட்டு, குடும்பப் பெயர் எது, முதற்பெயர் எது என்று அது கேட்கும் கேள்விக்கு வழக்கம்போல் ஒரு விடை கொடுத்தேன். மலேசியத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த கூத்து இது.

குடும்ப வாட்சப்பில் யாரோ ஒருவர், "ஐரோப்பா போக இப்போதே இட்டியாஸ் எடுத்துவிடுங்கள்" என்று ஓர் இணைப்பைப் போட்டிருந்தார். திறக்காதீர்கள் என்று எழுதினேன். இட்டியாஸ் என்கிற முன் அனுமதி இன்னும் தொடங்கவே இல்லை. 2026 கடைசிக் காலாண்டில் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் 20 யூரோ. பதினெட்டுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் இலவசம். இன்றைக்கு அதற்குப் பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது கொள்ளை.

29 அக்டோபர், புதன்

சின்னம்மாவின் மகள் லண்டனில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறாள். சின்னம்மா உடனே பிடித்துக்கொண்டார்: "லண்டன் போய்த் திரும்பி வந்தால் கணக்குப் புதுசாத் தொடங்கும்தானே?"

தொடங்காது. ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லாததால் லண்டனில் இருக்கும் நாட்கள் ஷெங்கன் கணக்கில் ஏறாது. டிசம்பர் 22 கிளம்பி 29 திரும்பினால், அந்த இரண்டு நாளும் ஷெங்கன் நாளே, நடுவில் உள்ள ஆறு நாள் மிச்சம். பிப்ரவரி 7 என்பது 13 ஆகும்.

லண்டனுக்குத் தனி அனுமதி. மலேசியர்களுக்கு இந்த ஆண்டு ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. கட்டாயம். முதலில் 10 பவுண்டு, ஏப்ரலிலிருந்து 16. இரண்டாண்டு செல்லும், வயதுச் சலுகை கிடையாது. கைத்தொலைபேசிச் செயலியில் கடப்பிதழையும் முகத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். புதிய கடப்பிதழ் கையில் வந்த பிறகே செய்யவேண்டிய வேலை இது, ஏனென்றால் அனுமதி கடப்பிதழோடு ஒட்டிக்கொள்ளும்.

4 நவம்பர், செவ்வாய்

திரும்பும் தேதி இன்று தானாக முடிவானது. "தைப்பூசம் எப்போ?" என்று கேட்டார் அம்மா. பிப்ரவரி 1. "அப்போ ஜனவரி கடைசியில நான் இங்க இருக்கணும்." பத்துமலை வெள்ளிரதத்துக்கு முன்னால் சின்னம்மாவின் பேச்சும் எடுபடவில்லை, ஷெங்கன் கணக்கும் எடுபடவில்லை. ஜனவரி 28 என்று டிக்கெட்டை உறுதி செய்தேன். எனக்கு இரண்டு வார விடுப்புதான். கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்.

8 நவம்பர், சனி

பெட்டி. இதைப்பற்றி விரிவாகவே எழுதுகிறேன். விசாவைவிட அதிகம் சண்டை நடந்தது இதில்தான்.

சின்னம்மா கேட்டது: கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வெற்றிலை, நெய், பால்கோவா, நெத்திலிச் சம்பல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் பயணி இறைச்சியோ பாற்பொருளோ கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அத்தோடு போயிற்று. பச்சை இலை, காய், கனி எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பர் 14 முதல் இந்தக் கெடுபிடி. விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான். ஆம், டுரியான்! பிரஸ்ஸல்ஸில் யாரோ நம் பக்கத்து ஆள் இருந்திருக்கவேண்டும். விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பது வேறு கதை.

மீனுக்குத் தாராளம். சொந்தத் தேவைக்கு 20 கிலோ வரை. ஆகவே நெத்திலிச் சம்பல் போகிறது, கருவாடும் போகிறது. கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்துப் பொடியாக எடுத்துக்கொண்டார் அம்மா. பச்சையாக ஒரு கட்டைச் சேலை மடிப்பில் வைக்கப் பார்த்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மருந்து: சொந்தத் தேவைக்கு மூன்று மாத அளவுவரை ஜெர்மனிக்குக் கொண்டுபோகலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள மாத்திரைகளைப் பெட்டியோடே, பிரிக்காமல், கைப்பையில். மருந்தின் வேதிப்பெயரோடு மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமும் கூட. பணம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் சொல்லவேண்டும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

15 நவம்பர், சனி

கோப்பு தயார். விசா இல்லையென்றாலும் எல்லையில் இருப்பவர் கேட்கலாம்: எதற்கு வருகிறாய், எங்கே தங்குவாய், செலவுக்கு என்ன, எப்போது திரும்புவாய். சின்னம்மாவின் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், திரும்பும் டிக்கெட், வங்கிக் கணக்கு அச்சு. காப்புறுதி விசா இல்லாதவருக்குக் கட்டாயமில்லை. ஆனால் எழுபது தாண்டிய அம்மாவைக் காப்புறுதி இல்லாமல் ஐரோப்பியக் குளிருக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வயதுக்காகத் தொகையைக் குறைக்கும் திட்டங்கள் உண்டு. சிறு எழுத்தையும் படித்து வாங்கினேன்.

20 நவம்பர், வியாழன், டுசல்டார்ஃப்

தோகா வழியாக வந்தோம். வரிசை நீளம். கூட்டாட்சிக் காவல்துறைக்காரர் இளைஞர். அம்மாவின் விரல்கள் கண்ணாடியில் பதிய மறுத்தன. ஐம்பது வருடம் சாக்பீஸும் சமையலும் செய்த கை. துடைத்து, ஊதி, மூன்றாம் தடவை பதிந்தது. எத்தனை நாள் என்று கேட்டார். அம்மா பழைய கடப்பிதழைத் தானே எடுத்து நீட்டி, "பாரிஸ், டென் டேய்ஸ்" என்றார். அவர் முத்திரையைப் பார்த்தார், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், குத்தினார். அழைப்புக் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. வெளியே ஐந்து பாகைகூட இருக்காது.

23 நவம்பர், ஞாயிறு, ஹாம்

ஊன்ட்ரோப் காமாட்சி அம்பாள் கோயில். தொழிற்பேட்டைக்கு நடுவே ராஜகோபுரம். 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடைத் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும், பக்கத்துக் கால்வாயில்தான் தீர்த்தம் என்று சின்னம்மா காட்டிக்கொண்டே வந்தார். திரும்பும் வழியில் கைத்தொலைபேசியை எடுத்து அந்தக் கணிப்பானைத் திறந்தார். ஜூன் நடுவில் தேர் என்று வைத்துக்கொண்டு தேதிகளை அழுத்தினார். "லண்டனைக் கழிச்சால் முப்பத்தேழு நாள்தான் பிடிக்கும். இன்னும் அம்பத்து மூண்டு கிடக்கு. அக்கா தேருக்கும் வரலாம்."

குஞ்சியம்மாவுக்கும் தேர் பார்க்க ஆசை. அவருடையது இலங்கைக் கடப்பிதழ், கணிப்பானில் அழுத்த எதுவுமில்லை. 90 யூரோ விசாக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் காப்புறுதி, வங்கிக் கணக்கு, கொழும்புக்குப் போய் விரல்ரேகை. இங்கே சின்னம்மா வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, தங்கைக்கான செலவெல்லாம் என் பொறுப்பு என்று பத்திரம் எழுதித் தரவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் டிசம்பரிலேயே தொடங்க வேண்டும் என்றேன். நாளை அலுவலகத்தில் முன்பதிவு கிடைக்கிறதா பார்க்கிறார்.