செகண்ட் ஹேண்ட் சாமான்லயே ஒரு ஸ்டீரியோ: இதுவரைக்கும் செஞ்சது

ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சிடி போட ஒண்ணு, போன்ல இருந்து பாட்டு வர ஒரு வழி. டார்கெட் இவ்ளோதான். பெரிய ஐட்டம் எல்லாமே பழைய சாமான் கடையில பொறுக்கினதா இருக்கணும், ஒயர், பசை, கிளீனர் மாதிரி சில்லறை மட்டும் புதுசு. இப்போ செட் ஓடிட்டு இருக்கு, ஒண்ணு ரெண்டு வேலை பாக்கி, மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன்.

ஸ்பீக்கர்ல இருந்துதான் ஆரம்பிச்சேன். ஆம்ப்பை மாத்தி மாத்திப் போட்டா வித்தியாசம் கண்டுபிடிக்க காதைத் தீட்டிக்கிட்டு உக்காரணும், ஸ்பீக்கரை மாத்தினா அடுத்த ரூம்ல இருக்கறவங்களுக்கே தெரிஞ்சிடும். கடையில கண்ணுக்கு நல்லா படுறது பூரா ஹோம் தியேட்டர் செட்டோட வந்த குட்டி ப்ளாஸ்டிக் டப்பாங்கதான், அதை நான் தொடவே இல்ல. பாதிக்கு மேல 3 ஓம், 6 ஓம்னு அந்த செட்டோட ஆம்ப்புக்கு மட்டும் பொருந்துற மாதிரி பண்ணியிருப்பாங்க, பிளக்கும் தனி மாதிரி இருக்கும், கூட வந்த சப்வூஃபர் இல்லேன்னா பேஸ்ங்கறதே வராது. எனக்கு வேண்டியது மரப்பெட்டி, பின்னாடி 8 ஓம்னு போட்டது, கையில தூக்கினா கனம் தெரியணும்.

கடைக்குப் போகும்போது பாக்கெட்ல ஒரு சின்ன மல்டிமீட்டரும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒண்ணும் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 8 காட்டாது, 5.5-ல இருந்து 7-க்குள்ள எங்கயாவது காட்டும், 4 ஓம்னா 3, 3.5 பக்கம். ஏன்னா அட்டையில போட்டிருக்கறது ஏசி சிக்னலுக்கான இம்பிடன்ஸ், மீட்டர் அளக்கறது காயில் ஒயரோட வெறும் டிசி ரெசிஸ்டன்ஸ். மீட்டர் ஒண்ணுமே காட்டலைன்னா வூஃபர் (பேஸ் குடுக்கற பெரிய ஸ்பீக்கர்) காயில் அவுட், இல்லேன்னா உள்ள எங்கயோ ஒயர் விட்டுப்போச்சு. ட்வீட்டரை (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) இப்படி வெளியில இருந்து அளக்க முடியாது, அதுக்கு முன்னாடி கெபாசிட்டர் உக்காந்திருக்கும், டிசி அதைத் தாண்டாது. அப்புறம் பேட்டரியை டெர்மினல்ல ஒரு செகண்ட் மட்டும் தொட்டு எடுக்கணும், பிளஸ்ஸை பிளஸ்ல வெச்சா கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) வெளிப்பக்கம் வரும், 'டப்'னு ஒரு சத்தம் கேக்கும். ரெண்டு பெட்டியும் ஒரே பக்கம் நகருதான்னு பாத்துக்கணும். கடைசியா விரலால கோனை சுத்தி சமமா அழுத்தி உள்ள தள்ளிப் பாக்கணும், சரக் சரக்னு உரசினா காயில் வளைஞ்சோ நகர்ந்தோ போச்சு, வெச்சிட்டு வந்துடலாம்.

நான் எடுத்தது ஆறரை இஞ்ச் வூஃபர் வெச்ச டூ வே ஜோடி, அதாவது ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு வூஃபர், ஒரு ட்வீட்டர். உரசல் இல்ல, ரெண்டும் 6 ஓம் சொச்சம் காட்டுச்சு, ஆனா கோனை சுத்தி இருக்கற ஃபோம் வளையம் தொட்டா உதிருது. கடைக்காரங்களுக்கு அது செத்த ஸ்பீக்கர், அதனாலதான் அந்த வெலைக்கு விட்டாங்க. பழைய ஃபோம் சரவுண்டுக்கு இதுதான் தலையெழுத்து, காத்துல இருக்கற ஈரமே பத்து இருபது வருஷத்துல அதை அரிச்சுடும், ஸ்பீக்கரை ஓட்டினாலும் ஓட்டாட்டியும். ரப்பரோ துணியோ வெச்சதுக்கு இந்தத் தொல்லை கம்மி. காயிலும் காந்தமும் கோனும் நல்லா இருந்தா ஃபோம் மட்டும் மாத்தினா போதும், இந்த ப்ராஜெக்ட்ல எனக்கு ரொம்ப பிடிச்ச வேலையும் அதுதான்.

ஃபோம் வளையம் தனியா விக்குது, ஆனா 'ஆறரை இஞ்ச்'னு மட்டும் சொல்லி வாங்கக்கூடாது, கோனோட வெளி விட்டம், ஃப்ரேம்ல ஒட்டுற இடத்தோட உள் விட்டம் வெளி விட்டம் எல்லாம் அளந்து பொருத்தம் பாக்கணும். பழைய ஃபோமை சொரண்டி எடுக்கறதுதான் பொறுமையை சோதிக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டு ஊற விட்டு, நகத்தாலயும் ப்ளாஸ்டிக் அட்டையாலயும் எடுத்தேன், காகிதக் கோன்ல கத்தியை வெச்சா கிழிஞ்சிடும். புது வளையத்தை மொதல்ல கோன்ல ஒட்டி காய விட்டேன், வெளி விளிம்பை ஃப்ரேம்ல ஒட்டும்போதுதான் சூட்சுமம் இருக்கு, காயில் நடு மையத்துல நிக்கணும், ஒரு பக்கம் சாஞ்சு காஞ்சிட்டா ஆயுசுக்கும் உரசும். நடு மூடியை வெட்டி எடுத்துட்டு காயிலைச் சுத்தி காகிதப் பட்டை சொருகி நிப்பாட்டறது ஒரு முறை. இன்னொண்ணு, மூடியைத் தொடாம 30 ஹெர்ட்ஸ் டோனை சின்ன வால்யூம்ல ஓட விட்டு, உரசல் சத்தம் நிக்கிற வரைக்கும் விளிம்பை இங்கயும் அங்கயும் நகத்தறது. நான் செஞ்சது ரெண்டாவது. அதுக்கு உடனே பிடிக்காத வெள்ளை பசைதான் தோது, ரெண்டு மூணு நிமிஷமாவது நகத்த டைம் குடுக்கும். ஒரு ராத்திரி பூரா காய விட்டு மறுநாள் பேஸ் இருக்கற பாட்டா போட்டப்போ வந்த சத்தத்தைக் கேட்டு நானே கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

ஒரு பக்க ட்வீட்டர் மட்டும் மந்தமா இருந்துச்சு. இந்த வயசுக்கு கிராஸ்ஓவர்ல (பேஸையும் கீச்சையும் பிரிச்சு அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பற சர்க்யூட்) இருக்கற பைபோலார், அதாவது பிளஸ் மைனஸ் பாக்காத, எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் மேல சந்தேகம் வரும், அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்டேஜ் இல்ல அதுக்கு மேல, ரெண்டு பக்கமும் சேத்து மாத்தினேன். சரியாச்சு.

இப்போ ஆம்ப். வாட் கணக்கைப் பாத்து யாரும் மயங்க வேணாம், முன்னாடி பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிப் போடற உச்ச வாட் கணக்கு) ஆயிரம் வாட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பின்னாடி தகட்டுல கரண்ட் செலவு 60 வாட்டுன்னு இருக்கும், உள்ள போறது 60-னா வெளிய ஆயிரம் எங்க இருந்து வரும்? எடையைப் பாருங்க, கனமா இருந்தா உள்ள நல்ல ட்ரான்ஸ்பார்மர் இருக்குன்னு அர்த்தம். வாட்டை ரெண்டு மடங்காக்கினா 3 டெசிபல்தான் கூடும், அதனால சேனலுக்கு நேர்மையான 30, 40 வாட் ஒரு ரூமுக்கு தாராளம்.

பழைய ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் சேந்த ஆம்ப்), வெள்ளி முகப்பு, மர ஓரம் வெச்சதுக்கெல்லாம் இப்போ மவுசு ஏறிப்போச்சு. யாரும் திரும்பிப் பாக்காதது ஹெச்டிஎம்ஐ வர்றதுக்கு முந்தைய ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டருக்கான ஆம்ப்), பெரிய கறுப்புப் பெட்டி, பின்னாடி நூறு ஓட்டை, டிவிக்கு ஒத்து வரலைன்னு தள்ளி விட்டது. அந்த சாக்கெட் இல்லேங்கறது ஒண்ணுதான் அதோட குத்தம், ஸ்டீரியோவுக்கு அந்த சாக்கெட்டே வேணாமே. ஆப்டிகல் இன்புட், கோஆக்சியல் இன்புட், உள்ளயே டிஜிட்டல் கன்வர்ட்டர் எல்லாம் சும்மா கூட வருது. நான் எடுத்தது அப்படி ஒண்ணு. வோல்டேஜ் மட்டும் பின்னாடி பாத்துக்கங்க, 110-க்கு செஞ்சதை 230-ல சொருகினா கதை அங்கயே முடிஞ்சது.

வீட்டுக்கு வந்ததும் நேரா பிளக்ல சொருகல. பழைய குண்டு பல்பு ஒண்ணை லைனுக்கு சீரிஸா போட்டு அது வழியாதான் கரண்ட் குடுத்தேன், பல்பு ஒரு செகண்ட் பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா சரி, எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட். இந்த மாதிரி மெயின் கரண்ட்ல கை வெச்சுப் பழக்கம் இல்லாதவங்க தெரிஞ்சவங்களை பக்கத்துல வெச்சுக்கங்க, பிளக்கை உருவினாலும் உள்ள பெரிய கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும். அப்புறம் ஸ்பீக்கர் மாட்டாம, வால்யூம் ஜீரோல, ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி அளந்தேன். 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி, 100-ஐ தாண்டினா அவுட்புட் பக்கம் கோளாறு, ஸ்பீக்கர் காயில் தான் பலி. எனக்கு 12-ம் 19-ம்.

வால்யூமைத் திருகினா கரகரன்னுச்சு, இடது பக்கம் வந்து வந்து போச்சு. கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கன்ட்ரோல் உள்ள அடிச்சு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிறைய தடவை திருகினேன், ஸ்விட்ச் எல்லாத்தையும் அமுக்கி அமுக்கி எடுத்தேன். கதவு கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே இதுக்கு ஆகாது. பழைய ஆம்ப்ல ஒரு பக்கம் சத்தம் இல்லேன்னா மொதல்ல டேப் மானிட்டர் (கேசட் டெக்ல இருந்து வர்றதைக் கேக்கறதுக்கான) பட்டனைப் பாருங்க, சிக்னல் பூரா அந்த ஸ்விட்ச் வழியாதான் போகும், பாதி 'செத்த' ஆம்ப்புக்கு வியாதி அங்கதான்.

ஏவி ரிசீவர்ல இன்னொரு சங்கதி. பழைய ஓனர் சப்வூஃபர் வெச்சிருந்திருக்கார் போல, ஸ்பீக்கர் செட்டிங் 'ஸ்மால்'ல இருந்துச்சு, 80 ஹெர்ட்ஸுக்கு கீழ எல்லாம் இல்லாத சப்வூஃபருக்குப் போயிட்டு இருந்துச்சு. 'லார்ஜ்', சப்வூஃபர் 'நோ'ன்னு மாத்தினதும் பேஸ் திரும்பி வந்துச்சு. ரிமோட் கிடைக்கல, முன்னாடி பட்டன்லயே மெனுவுக்குள்ள போக முடிஞ்சது.

சிடிக்கு ஒரு டிவிடி ப்ளேயர், எந்தக் கடையிலயும் அடுக்கி வெச்சிருக்கான். கோஆக்சியல் அவுட் இருக்கறதா பாத்து எடுத்தா அனலாக் வேலை எல்லாம் ரிசீவரே பாத்துக்கும். அதுக்கு தனி கேபிள் வாங்க வேணாம், பழைய டிவி ஒயர்ல மஞ்சள் பிளக் இருக்கே, வீடியோவுக்கானது, அது 75 ஓம் கேபிள், இதுக்கும் அதேதான் கேக்குது. போனுக்கு ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர். ஃபோனோன்னு எழுதின சாக்கெட்ல மட்டும் இதையெல்லாம் சொருகாதீங்க, அது ரெக்கார்ட் ப்ளேயரோட சில மில்லிவோல்ட் சிக்னலுக்கானது, சிடி பக்கம் 2 வோல்ட் வரும், காது கிழியும். டிவியை ஆப்டிகல்ல குடுக்கறவங்க டிவி செட்டிங்ல பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் சவுண்ட்) வெச்சிடுங்க, பழைய ரிசீவருக்கு புது டால்பி எல்லாம் புரியாது.

ஒயர் 16 கேஜ் சாதா காப்பர். தங்க முலாம் கதையெல்லாம் வேணாம், பிளஸ் மைனஸ் மாறாம இருந்தா போதும், ஒரு பக்கம் மட்டும் மாறினா பாடறவர் குரல் நடுவுல நிக்காம ரூம் பூரா அலையும், பேஸ் காணாமப் போயிடும்.

காசு செலவே இல்லாம ஜாஸ்தி முன்னேத்தம் வந்தது பொட்டியை நகத்தினதுல. செவுத்தோட ஒட்டி வெச்சப்போ பேஸ் கும்முனு அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, ஒரு அடி முன்னாடி இழுத்ததும் தெளிஞ்சுது. ட்வீட்டர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி ஸ்டூல், ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்ளோ தூரமோ அதே தூரம் நான் உக்கார்ற இடத்துக்கும், பொட்டிங்க லேசா என் பக்கம் திரும்பி. மூலையில வெச்சா யாருக்கும் இடைஞ்சல் இல்லதான், ஆனா சத்தம் கெட்டுப்போகுது, இதுக்கு வீட்ல இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

பாக்கி இருக்கறது ரெண்டு. கம்ப்யூட்டரை மாட்டினா மட்டும் ஒரு 'ம்ம்ம்' வருது, கிரவுண்ட் லூப்பா (ரெண்டு சாமானோட எர்த்தும் கேபிள் வழியா சுத்தி இணையறதால வர்ற இரைச்சல்) இருக்கும், ஆப்டிகல்ல மாட்டிப் பாத்தா தெரிஞ்சிடும், அதுல மின்சாரத் தொடர்பே கிடையாது. இன்னொண்ணு ஒரு கேசட் டெக், மோட்டார் சுத்துது, பெல்ட் மட்டும் உருகி தார் மாதிரி புல்லியில அப்பியிருக்கு. ஆல்கஹாலும் பஞ்சும் வெச்சு துடைச்சு முடிச்சாச்சு, பெல்ட் சைஸ் அளக்க நூல் சுத்திப் பாத்து குறிச்சும் வெச்சிருக்கேன், பெல்ட் வந்ததும் போட்டுட்டு ஸ்பீடு எப்படி நிக்குதுன்னு சொல்றேன்.