எப்ப அடிச்சீங்க?

குழந்தைகள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு பிள்ளையின் சட்டையைக் கழற்றும்போது முழங்காலையும் முழங்கையையும் நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஓடியாடுகிற பிள்ளைக்கு அங்கே சிராய்ப்பு இருக்கத்தான் செய்யும். காதுமடல், கழுத்து, வயிறு, தொடையின் பின்பக்கம், பிட்டம், இங்கெல்லாம்தான் கண் போகும். விழுந்தால் அடிபடுகிற இடங்கள் இல்லை இவை. தவழவே தொடங்காத கைக்குழந்தைக்குச் சின்னதாய்க் கன்றியிருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் அனுப்பமாட்டேன். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் பிள்ளைகளுக்கும் இங்குள்ள கறுப்பின ஜூலு பிள்ளைகளுக்கும் பலருக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே ஒரு நீலத்திட்டு இருக்கும். அதை அடித்த தடம் என்று நினைத்து ஒரு அம்மாவை அழவைத்த புது நர்ஸும் எங்களிடம் இருந்தாள்.

இது தென்னாப்பிரிக்காவின் டர்பன். நான் நாகர்கோவில்காரி. 2007-இல் கல்யாணமாகி சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன். இவர் வீட்டார், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தவர்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த வெள்ளை அரசாங்கத்தின் குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அங்கிருந்து கிளப்பப்பட்டு 1960-களில் இந்த மலைச்சரிவுக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. இங்கே தமிழில் முழுசாய்ப் பேசுகிறவர்கள் ஆயாக்களும் தாத்தாக்களும்தான். பேரப்பிள்ளைகளிடம் மிச்சமிருப்பது முறைப்பெயர்களும் சாமி பெயர்களும் ரசமும். அதனால் யாராவது ஒரு ஆயா வாய் திறந்து தமிழ் பேசிவிட்டால் எனக்கு உள்ளே குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சியில்தான் ஒரு தடவை தவறு செய்தேன்.

2010 கடைசி. நாலு வயதுப் பெண்குழந்தை, சளிக்குக் கூட்டிவந்தார்கள். மேற்கையில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்த மாதிரி தடம். "கட்டில்லேருந்து விழுந்துட்டா" என்றாள் தாய், ஆங்கிலத்தில். கூட வந்த ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊர்ப் பொண்ணா நீ? நல்லாயிரு கண்ணு. நம்ம பிள்ளைங்கள நாமதானே பாத்துக்கணும்" என்றார். கட்டிலுக்கு விரல் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஃபோல்டரில் 'கட்டிலில் இருந்து விழுந்தது' என்று என் கைப்பட எழுதினேன்.

ஐந்து வாரம் கழித்து அதே கை, தோளுக்குக் கீழே திருகி முறிந்து வந்தது. எக்ஸ்ரேயில் அதைவிடப் பழைய, பாதி ஆறின விலா முறிவு ஒன்றும் தெரிந்தது. நான் எழுதின வரி, அதே ஃபோல்டரில், முந்தின பக்கத்தில் இருந்தது. டாக்டர் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நாட்டுச் சட்டத்தில் அது வெறும் கவனக்குறைவு இல்லை. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் முழுதாய் நடைமுறைக்கு வந்ததே அந்த 2010 ஏப்ரலில்தான். அதன் 110-ஆம் பிரிவின்படி டாக்டர், நர்ஸ், ஆசிரியர், மதகுரு போன்றவர்கள், ஒரு பிள்ளை உடல் காயம் வரும்படி வதைக்கப்பட்டிருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நினைத்தால் தெரிவித்தே ஆகவேண்டும். அதற்கான படிவத்தை நாங்கள் 'ஃபார்ம் 22' என்போம். நிரூபிக்க வேண்டியது நம் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு எழுதினவர்மேல் வழக்கும் போட முடியாது. இத்தனையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'கண்ணு' என்ற ஒரு சொல்லில் கரைந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவுக்கு வந்துபோகிற ஒரு மூத்த சமூகப் பணியாளரின் பின்னாலேயே திரிந்தேன். ஜூலு அம்மா. பெற்றோரிடம் அவர் 'ஏன் அடிச்சீங்க' என்று கேட்கவே மாட்டார். ஏன் என்று கேட்டால் பிள்ளையின் குற்றப்பத்திரிகை வரும்: பொய் சொன்னான், இருபது ராண்ட் எடுத்தான், எதிர்த்துப் பேசினாள். அவர் கேட்பது, "எப்ப அடிச்சீங்க? அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வீட்ல என்ன நடந்துச்சு?" இதைக் கேட்டதும் பெரியவரின் நாள் வெளியே வரும். மாசக் கடைசி. பள்ளிக்கூடக் கட்டணம். குடி. புருஷன் இரண்டு நாளாய் வீட்டுக்கு வரவில்லை. பேறுகாலத்துக்குப் பிறகு தூக்கமே இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. குற்றம் நேற்றும் அதேதான் இருந்திருக்கும், போன வாரமும் இருந்திருக்கும். அடி விழுந்தது பெரியவரின் தெம்பு தீர்ந்த நேரத்தில்.

போன வருஷம் வந்த ஏழு வயதுப் பையன். தொடையின் பின்பக்கம் கொண்டை ஊசி மாதிரி வளைந்த தடங்கள், மூன்று. இரண்டாய் மடித்த வயர் அப்படித்தான் பதியும். பெல்ட் என்றால் பட்டையாய் விழும். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "சைக்கிள்லேருந்து விழுந்தேன்" என்று ஒரே மூச்சில் சொன்னான், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. வெப்பநிலை பார்க்கத் தெர்மாமீட்டரோடு கையைத் தூக்கினேன். அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். பிறகு, மூடினது எனக்குத் தெரிந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு, தலையைச் சொறிகிற மாதிரி நடித்தான். அடியைவிட அந்த நடிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா வெளியே உட்கார்ந்திருந்தார். தையல் ஆலையில் வெட்டுமேசை வேலை பார்த்தவர். இந்த ஊரில் மலிவு இறக்குமதித் துணி வந்தபின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. அவருடையதும் மூடியது. இப்போது இரவு செக்யூரிட்டி. எப்போது என்று கேட்டேன். "காலையில பத்து மணி இருக்கும். எட்டு மணிக்குத்தான் படுத்தேன். இவன் டிவியப் பெருசா வச்சான். கையில கெட்டில் வயர் கெடைச்சுது." கொஞ்சம் நிறுத்தி, "எங்கப்பா குடுத்த ஹைடிங்க்கு இது ஒண்ணுமே இல்ல சிஸ்டர்" என்றார்.

இங்கே அடிக்கு 'ஹைடிங்' என்று பெயர். பையனின் ஆயா தமிழில் இன்னும் பின்னுக்குப் போனார்: கரும்புத் தோட்டத்தில் சர்தார் என்கிற கங்காணி தன் தாத்தாவை அடித்தது, தாத்தா அப்பாவை அடித்தது. பொய் இல்லை. 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முதலாளி அடித்து முன்பல் உடைந்து ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தி முன்னால் நின்றது இதே டர்பனில்தான். ஆனால் இதை ஒரு காரணமாய் முழுசாய் ஏற்றுக்கொள்ள எனக்கு மனசு வருவதில்லை. அதே கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து பிள்ளைமேல் ஒரு விரல் படாமல் வளர்த்தவர்களும் இதே தெருவில் இருக்கிறார்கள். நாகர்கோவிலில் எங்களுக்குச் சர்தாரும் இல்லை, ஷாம்போக் என்கிற தோல் சாட்டையும் இல்லை. அப்படியும் என் அப்பா வாத்தியாரிடம் போய், "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அடியாத மாடு படியாது என்று வாயில் வைத்திருக்கிற ஜாதி நாம். 'நானும் அடி வாங்கித்தான் வளந்தேன், நல்லாத்தானே இருக்கேன்' என்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நல்லாயில்லாதவர்கள் அந்தப் பேச்சுக்கு வந்து உட்காருவதில்லை.

அடியின் விளைவு என்றால் முறிந்த எலும்பைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எலும்பு ஆறிவிடும். ஏழு வயதில் மறுபடி படுக்கையை நனைப்பது, பள்ளியில் தன்னைவிடச் சின்னவனை அடிப்பது, கதவு சத்தத்துக்கே தூக்கிப்போடுவது, கேட்பதற்கு முன்பே பொய்யைத் தயாராய் வைத்திருப்பது, இவைதான் என் மேசைக்கு வருகின்றன. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சின்ன வயதில் அடியும் வீட்டுப் பெரியவர்களின் குடியும் போன்ற துன்பங்கள் எத்தனை வகையாய்ச் சேர்கின்றனவோ, அந்த அளவுக்குப் பின்னாளில் மனச்சோர்வும் குடியும் இதய நோயும் கூடுவதைக் காட்டியது. எங்கள் கட்டடத்திலேயே குழந்தைகள் பிரிவு கீழே, பெரியவர்கள் வார்டு மேலே. லிஃப்டில் போகும்போது சில நாள் அது நினைவுக்கு வரும்.

சட்டம் இங்கே மெதுவாய் வந்தது. சிறுவர்களுக்கு நீதிமன்றம் விதித்த கசையடி 1995-இல் போனது. பள்ளிப் பிரம்பு 1996-இல். 'மிதமாகக் கண்டித்தேன்' என்று சொல்லிப் பெற்றோர் தப்பித்துக்கொள்ள இருந்த வழியை அரசியலமைப்பு நீதிமன்றம் அடைத்தது 2019 செப்டம்பர் 18-இல். பள்ளி வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு வர 23 வருஷம். கோயிலில் அன்றைக்கு ஒரே புலம்பல், இனிமேல் பிள்ளைகள் நம் தலையில் ஏறி உட்காரும் என்று.

அந்த அப்பாவிடம், "நான் எழுதப்போறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் ஃபார்ம் 22-ஐ எடுத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். "பையனக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அது என் கையில் இல்லை என்றேன். ஆயா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். எனக்கும் அது வலிக்கத்தான் செய்தது.

பையனைக் கூட்டிப்போகவில்லை. சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய்வந்தார். அப்பா பெற்றோர் வகுப்புக்குப் போனார், இரண்டு தடவை மட்டம் போட்டார், மறுபடி போனார். லீவு நாட்களில் காலையில் பையன் இரண்டு வீடு தள்ளி ஆயா வீட்டில். இவ்வளவுதான் ஏற்பாடு. நிற்குமா தெரியாது.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தான். நான் இப்போதெல்லாம் பிள்ளைகள் முன்னால் கையைத் தூக்குவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கீழிருந்து நீட்டுவேன். தெர்மாமீட்டரை அவன் கையிலேயே கொடுத்தேன். தானே கக்கத்தில் வைத்துக்கொண்டான். பீப் சத்தத்துக்குத் தோள் ஒரு முறை துள்ளியது. பிறகு எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, உரக்கப் படித்தான்: "முப்பத்தாறு பாயின்ட் எட்டு." எழுதிக்கொண்டேன்.