சுவர் தாண்டிய புளியங்கிளை

தருமபுரியில், பென்னாகரம் சாலைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாதிக்கு மேல் பக்கத்து மனைப் புளியமரத்தின் நிழல் விழுகிறது. நிழல் நல்லதுதான், தொல்லையெல்லாம் இலையால். மாவிலை என்றால் மழைநீர்க் குழாயின் வாயிலுள்ள வலையிலேயே தங்கிவிடும், கூட்டி அள்ளிவிடலாம். புளியிலையோ பொடிப்பொடியாக வலைக்கண்ணில் நுழைந்து, குழாயின் வளைவில் சேறுபோல் படிந்து, ஒரே மழையில் மாடியைக் குளமாக்கிவிடுகிறது. ஐப்பசி மழையில் அப்படித் தேங்கிய தண்ணீர் இறங்கி, படுக்கையறைச் சுவரின் பூச்சு பொரிந்து உதிர்ந்தது.

நம் எல்லைக்குள் நீண்ட கிளையை எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ளும் உரிமையை நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ளன. ஆனால் அந்த உரிமையை மட்டும் நம்பி அரிவாளை எடுப்பது மரத்துக்கும் கேடு, நமக்கும் கேடு. சுவரோரமாக அறுத்தால் கிளை பாதியில் நின்றுபோகிறது. மிஞ்சிய கட்டை உளுத்துப்போக, அதைச் சுற்றிக் கொத்தாகப் போத்துகள் கிளம்பி, சில ஆண்டுகளில் முன்னைவிட அடர்த்தியாக மாடிமேல் கவிழும். அவை ஆழமாகப் பற்றியிராததால் காற்றில் எளிதில் பிய்ந்தும் விழும். கிளை பிரியும் கவட்டை ஒட்டி அறுத்தால்தான் வெட்டுக்காயம் மூடும். அந்தக் கவடு மரத்துக்குச் சொந்தக்காரரான பெரியவரின் மனைக்குள் இருக்கிறது. ஆகவே அவர் சம்மதம் இல்லாமல் இந்த வேலையைச் சரியாகச் செய்யவே முடியாது.

அதைக் கேட்பதற்கும் காலம் உண்டு. எங்கள் பக்கத்தில் புளியமரம் வருமானம் தரும் சொத்து. காய் மரத்தில் இருக்கும்போதே வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். அப்போது போய்க் கிளையை வெட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? தை முதல் பங்குனி வரை உலுக்கல், வைகாசிக்கு மேல் பூ. இடையில் இருப்பது சித்திரைதான். அதனால், "உலுக்கி முடிஞ்சதும் ஆளை நானே கூட்டிவர்றேன் ஐயா, கூலி என்னோடது, விறகு உங்களுக்கு" என்று மாசியிலேயே பெரியவரிடம் சொல்லி வைத்தேன். "நடுக்கிளையில மட்டும் கை வைக்காதீங்க தம்பி, காய் அதுலதான்" என்றார்.

வந்த மரமேறி கிளையைக் கயிற்றில் கட்டி, முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகே மேலிருந்து அறுத்தார். அடிவெட்டு இல்லாவிட்டால் கிளை தன் கனத்தால் சரியும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போய்விடும். மின்கம்பியை உரசும் கிளையில் மட்டும் நாமாக ஆளை ஏற்றவே கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொன்னால் மின்சாரத்தை நிறுத்தி அவர்களே வெட்டுவார்கள். மரமே விழும் நிலையில் இருந்து, உரிமையாளரும் அசையாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். எங்கள் மரம் உறுதியாக நிற்பதால் அந்தப் பேச்சே எழவில்லை.

மாடியின் கிழக்கு மூலையில் இன்னொரு கிளை இருக்கிறது. அதை அடுத்த உலுக்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்வதாக இருவரும் பேசி முடித்திருக்கிறோம்.