நாத்திகரைப் பார்த்துப் பேசும் நாத்திகம்

எம்.ஏ. தத்துவ ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, நவீன ஐரோப்பியத் தத்துவத்தில் நாத்திகம். இதே பக்கம் வர நினைப்பவர்களுக்காக, எந்த வரிசையில் படித்துக் கரையேறினேன் என்று எழுதி வைக்கிறேன்.

கடவுள் இல்லை என்று நிரூபிக்கும் வாதங்களை இந்தத் தத்துவவாதிகளிடம் தேட வேண்டாம். பெரும்பாலோருக்கு அது முடிந்த வழக்கு. கடவுள் போய்க் காலியான நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருப்பது என்பதில்தான் சண்டை.

காலவரிசையை விட்டுவிட்டுப் பிரெஞ்சு இருத்தலியல்வாதி சார்த்தரிடம் தொடங்கினேன். 1945 அக்டோபரில் பாரிசில் அவர் ஆற்றிய உரை மறு ஆண்டு 'இருத்தலியல் ஒரு மனிதநேயமே' என்ற சிறு நூலாக வந்தது; ஒரு விடுமுறை நாள் போதும். கத்தி எதற்கு என்பது செய்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது, மனிதன் அப்படியில்லை என்று சொல்லும் காகிதம் வெட்டும் கத்தி உதாரணத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு இடம். 1880 வாக்கில் சில பிரெஞ்சுப் பேராசிரியர்கள் கடவுளை மட்டும் கழற்றிவிட்டு, பொய் சொல்லாதே, மனைவியை அடிக்காதே போன்ற நெறிகளை அப்படியே வைத்துக்கொள்ளப் பார்த்தார்களாம். சார்த்தர் அவர்களை விடுவதில்லை. கடவுள் இல்லாதது பெரிய சங்கடம், சும்மா கடந்துபோக முடியாது என்கிறார்.

அந்தப் பிடியோடு ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயிடம் போனேன். அவருடைய பித்தன் கதை, 'மகிழ்வான அறிவியல்' என்ற 1882 நூலில் 125ஆம் பகுதி. பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு கடவுளைத் தேடி அவன் சந்தைக்கு ஓடி வருகிறான். அங்கே நின்று சிரிப்பவர்களில் பலர் கடவுளை நம்பாதவர்கள்! வழி தவறிவிட்டாரா, கப்பலேறிவிட்டாரா என்று கிண்டல் வேறு. நாம்தான் அவரைக் கொன்றோம் என்று பித்தன் சொன்ன பிறகு வாயடைத்து நிற்கிறார்கள். இதோடு 108ஆம் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். புத்தர் இறந்த பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் ஒரு குகையில் அவருடைய நிழலைக் காட்டினார்கள். நாமும் கடவுளின் நிழலை வென்றாக வேண்டும் என்கிறது. நாலு வரிதான். என் ஆய்வேட்டின் பாதி அதிலிருந்து வந்தது.

நீட்சேக்கு முந்தைய ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக்கைக் கடப்பதுதான் பெரும்பாடு. மனிதன் தன் மேலான குணங்களைத் தன்னிடமிருந்து பிரித்துக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டான் என்பதை 'கிறிஸ்தவத்தின் சாரம்' என்ற அவரது 1841 நூல் சலிக்காமல் சொல்லிக்கொண்டே போகும். முதல் சில அதிகாரங்களோடு நிறுத்திவிட்டு, அவரை விமர்சித்த ஜெர்மானியர் ஸ்டிர்னருக்குத் தாவினேன். படு குறும்புக்காரர். கடவுளை இறக்கிவிட்டு 'மனிதன்' என்ற புது தெய்வத்தை ஏற்றியிருக்கிறார்கள், நம் நாத்திகர்கள் பக்திமான்கள் என்று 1844லேயே கேலி செய்துவிட்டார்.

அப்புறம் 1966இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ, அந்த மனிதனும் கடலோர மணலில் வரைந்த முகம்போல அழிந்துபோகலாம் என்று எழுதினார். அங்கே நிறுத்திக்கொண்டேன். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் எங்கே என்று என் ஆய்வு வழிகாட்டி கேட்டார். சார்த்தரின் மனிதநேயத்தை மறுத்து ஹைடெக்கர் எழுதிய கடிதம் பற்றி ஒரு அடிக்குறிப்பு சேர்த்துக் கொடுத்தேன். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.