தண்ணீர்மலையிலிருந்து மூடா ஆறு வரை

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரம் தன் குடிநீரை எங்கெங்கிருந்து எடுத்துக்கொண்டது என்பதை, அது எடுத்துக்கொண்ட வரிசையிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். எனவே இந்த முறை பினாங்கில், அருவியும் முருகன் கோயிலும் உள்ள தண்ணீர்மலையிலிருந்தே தொடங்கினேன். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்ட பிறகு, துறைமுகம் வளர வளர நகரத்துக்கும் கப்பல்களுக்கும் நன்னீர் தேவைப்பட்டது. கொடிமலைச் சரிவிலிருந்து விழும் அருவியின் நீரை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாய்க்கால் கட்டி நகருக்குள் கொண்டுவந்தார்கள்.

அருவிக்குக் கீழே உள்ள தாவரவியல் பூங்கா 1884இல் உருவானது. இன்று அங்கே நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நகரின் தண்ணீர்த் தேவைக்காக இந்தப் பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்கும் திட்டம் எழுந்து, 1910இல் பூங்கா நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. திட்டம் நிறைவேறாததால்தான் மரங்கள் தப்பின. அருவி இன்னும் குடிநீர் வழங்கும் நிறுவனத்தின் வேலிக்குள் இருக்கிறது. முன்அனுமதி இல்லாமல் அதன் அடிவரை போக முடியாது. வாசலோடு நின்றுவிட்ட எனக்குக் குரங்குகளின் உபசரிப்பு மட்டுமே கிடைத்தது.

தண்ணீர் மனிதர்களை மட்டுமல்லாமல் முருகனையும் இடம் மாற்றியிருக்கிறது. அருவியடியில் இருந்த சிறு சன்னிதி, நகருக்கு நீர் எடுக்கும் பணிகளை முன்னிட்டு அங்கிருந்து அகற்றப்பட்டதாகவே கோயில் வரலாற்றைச் சொல்கிறார்கள். இன்று அருள்மிகு பாலதண்டாயுதபாணி, 500க்கும் மேற்பட்ட படிகளுக்கு மேலே, 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலில் இருக்கிறார். தைப்பூசத்தின்போது அருவிச் சாலையை நோக்கி வரும் வழி நெடுகிலும் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கும். காவடிக்காரருக்கும் வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் ஒரே குவளையில் மோர் ஊற்றும் அந்தப் பந்தல்களைப் பினாங்குத் தமிழர் தங்கள் பெருமையாகவே கருதுகிறார்கள். ஒலிபெருக்கிகளைச் சற்றுக் குறைத்தால் எனக்கும் முழுச் சம்மதமே.

மலையிலிருந்து இறங்கி நான் அதிக நேரம் செலவிட்ட இடம், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் உள்ள வண்ணாந்துறை. நகரத்தில் வெள்ளையர் வீடுகளும் விடுதிகளும் பெருகியபோது, அவற்றின் துணிகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள், ஓடுகிற நீரும் துணி காயவைக்கத் திறந்த வெளியும் ஒருசேரக் கிடைத்த இந்தக் கரையில் குடியேறின. பக்கத்திலேயே ராமர் கோயிலும் எழுந்தது. ஒரு தொழில் ஓர் ஆற்றைத் தேர்ந்தெடுக்க, அந்த ஆறு ஒரு குடியிருப்பையும் கோயிலையும் திருவிழாவையும் உண்டாக்கிவிட்டது. ஆனால் மேலே வீடுகளும் கடைகளும் பெருகப் பெருக, ஆற்று நீர் துணி துவைக்கத் தகாததாயிற்று. தொழிலில் எஞ்சியிருப்பவர்கள் குழாய் நீரையும் இயந்திரங்களையும் நம்பியிருக்கிறார்கள். கொடியில் வெள்ளைத் துணிகளை விரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், ஆற்றில் கடைசியாக எப்போது துவைத்தீர்கள் ஐயா என்று கேட்டேன். "இப்ப அந்தத் தண்ணியில தொவைச்சா, திரும்ப ஒரு தடவ தொவைக்கணும் தம்பி" என்றார்.

அந்த ஆறும் அருவியிலிருந்து வரும் ஆறும் சேர்ந்துதான் சுங்கை பினாங்கு, அதாவது பினாங்கு ஆறு, ஆகிறது. அதன் கீழ்ப்பகுதியில் கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே வரை எட்டுவதால், மலையில் பெருமழை பெய்யும் நேரத்தில் கடலும் ஏறினால், வெள்ளத்துக்கு வடிய வழியிருப்பதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மாநிலம் கண்ட வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு மலைச்சரிவுகளில் அடுக்குமாடிகள் கட்டுவது பற்றிய சண்டை சூடேறியது. மழை இயற்கையானது என்று சொல்லி மேம்பாட்டாளர்கள் தப்பித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மழை பெய்யும் சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தக் காடு இருக்கிறதா இல்லையா என்பது மனிதர் எடுக்கும் முடிவுதானே.

ஆயர் ஈத்தாம் அணை 1962இலும் தெலுக் பஹாங் அணை 1999இலும் வந்தன. இரண்டும் அழகான இடங்கள். ஆனால் தீவின் தாகத்துக்கு அவை போதவில்லை. இன்று பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. கெடா மாநிலத்தின் ஊலு மூடா காட்டில் பிறந்து, அந்த மாநிலத்தின் நெல்வயல்களுக்கும் உழைத்துவிட்டு, கடலை அடையுமுன் இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடும் ஆறு அது. அதன் நீர் சுத்திகரிக்கப்பட்டு, கடலுக்கடியில் போட்ட குழாய்கள் வழியாகத் தீவுக்கு வருகிறது.

படகேறிப் பட்டர்வொர்த்தில் இறங்கி, மச்சானின் காரில் அந்த ஆற்றங்கரைவரை போனோம். கலங்கிய, அகன்ற, யாரும் படம் பிடிக்காத ஆறு. அருவி கண்ணுக்குத் தெரிந்த காலத்தில் அதற்குக் கீழே கோயிலும் பூங்காவும் அமைத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் இங்கு வந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கச்சா நீருக்குக் கெடா பணம் கேட்பதும், எல்லையில் ஓடும் ஆற்றில் நீர் எடுக்கத் தனக்கு உரிமை உண்டென்று பினாங்கு மறுப்பதும் பல ஆண்டுகளாக நடக்கும் தகராறு. மச்சானோ, "எல்லையில ஓடுற ஆத்துக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டார். அந்தப் பணம் ஊலு மூடாவில் மரம் வெட்டாமல் இருப்பதற்கான ஈடாக மட்டுமே செலவாகும் என்று எழுதிக் கையொப்பமிட்டால் பினாங்கு கொடுப்பதே முறை என்றேன். திரும்பும் வழியெல்லாம் விவாதித்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.