ரோக்ஃபோர்: சரிந்த மலையால் பிழைக்கும் ஊர்

தெற்கு ஃபிரான்சின் அவேரோன் மாவட்டத்தில், கொம்பாலு மலையின் செங்குத்துப் பாறையை ஒட்டினாற்போல் இருக்கிறது ரோக்ஃபோர்-சுர்-சூல்ஸோன். குடியிருப்பவர்கள் 500, 600 பேர்தான். தெருவில் சாதாரணக் கதவு என்று நினைத்துத் திறந்தால், மலைக்குள் பல அடுக்காக இறங்கும், சீஸ் பழுக்க வைக்கும் நிலவறைகள். வெளியே தெரிகிற ஊரைவிட உள்ளே இருக்கிற ஊர்தான் பெரிது.

கொம்பாலு சுண்ணாம்புப் பாறை. அதற்கு அடியில் களிமண் படுகை. மழைநீர் இறங்கி இறங்கிக் களிமண் இளக, மேலே இருந்த பாறை வடக்கு ஓரமாகச் சரிந்து நொறுங்கிவிட்டது. சுமார் 2 கி.மீ. நீளம், 300 மீட்டர் அகலத்துக்கு அந்தப் பாறைக் குவியல் கிடக்கிறது. இடையில் விட்டுப்போன இடுக்குகளுக்கு ஃப்ளூரின் என்று பெயர். ஈரப் பாறை வழியாக வரும் காற்று அவற்றில் குளிர்ந்து குகைக்குள் வீசும். வருஷம் முழுக்க ஏறக்குறைய 10 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். குகை மேற்பார்வையாளர்கள் ஃப்ளூரின் வாயில் வைத்த சிறு கதவுகளைத் திறந்தும் சாத்தியும் காற்றைச் சரிசெய்வார்கள். இந்தக் கதவுதான் அவர்களுடைய ஏசி.

இந்தக் காற்றில் பழுப்பதுதான் நீலப் பூஞ்சை ஓடிய ரோக்ஃபோர் சீஸ். பலர் நினைப்பதுபோல் சீஸ் இந்த ஊரில் உருவாவதில்லை. சுற்று வட்டாரப் பால்கூடங்களில் செய்து, பழுக்க வைக்க மட்டும் இங்கே கொண்டுவருவார்கள். பால் லக்கோன் இனச் செம்மறியுடையது. காய்ச்சக் கூடாது, கொழுப்பை எடுக்கவும் கூடாது. 30 டிகிரி சுமாருக்கு வெதுவெதுப்பாக்கி, ரென்னெட் விட்டு உறையவைப்பார்கள். பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சையும் சேரும். குளிர்நாட்டு ரை தானிய ரொட்டியில் அந்தப் பூஞ்சையை வளர்த்துப் பொடியாக்குவது பழைய முறை. இப்போது ஆய்வகத்தில் திரவமாகவும் வளர்க்கிறார்கள். உறைந்ததை வெட்டி, அச்சில் போட்டு, திருப்பித் திருப்பி வைத்து நீர் வடிப்பார்கள். அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளே இடைவெளி போய்விடும்; பூஞ்சைக்கு இடமிருக்காது. பிறகு கல்லுப்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் தேய்ப்பார்கள். ஒரு வட்டு இரண்டரை முதல் 3 கிலோ. அதற்குச் சுமார் 12 லிட்டர் பால்.

குகைக்குப் போகுமுன் ஒவ்வொரு வட்டையும் ஊசிகளால் துளைப்பார்கள். உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேறி, காற்று உள்ளே போக அதுதான் வழி. துளை அடைபட்டால் நடுப்பகுதி வெள்ளையாகவே நின்றுவிடும். வெட்டிப் பார்க்கும்வரை தெரியாது. ஓக் பலகையில் வட்டுகளைத் தரையில் கிடத்தாமல் விளிம்பில் நிறுத்தி வைப்பதும் துளை வழியே காற்று போவதற்காகத்தான். குறைந்தது 14 நாள் இப்படித் திறந்தபடி இருந்தாக வேண்டும். அதிக நாள் விட்டால் பூஞ்சை பெருகி சீஸ் கசக்கும். அதனால் பதம் பார்த்து, தகரத் தாளில் சுற்றிக் காற்றை அடைத்துவிடுவார்கள். அதன்பின் குளிரில் மெல்லப் பழுக்கும். செய்த நாளிலிருந்து 90 நாள் ஆகாமல் விற்க முடியாது.

ஒருகாலத்தில் குகை வேலை முழுக்கப் பெண்கள் கையில் இருந்தது. கபானியேர் என்று அவர்களைச் சொல்வார்கள். கம்பளிச் சால்வையும் மரச் செருப்புமாக, அந்தக் குளிரில் வட்டுகளைத் திருப்பி வைத்து, மேல்பூச்சைக் கத்தியால் சுரண்டுவார்கள். ஊரின் புகழைப் பேசுகிறவர்கள் இந்தக் கைகளைச் சுலபமாக மறந்துவிட்டு, இடையன் ஒருவன் ரொட்டியையும் சீஸையும் குகையில் மறந்துபோக, பூஞ்சை பிடித்து ரோக்ஃபோர் பிறந்தது என்ற கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் சுவாரஸ்யம் இல்லை.

ஊருக்குச் சட்டப் பாதுகாப்பு பழையது. 1411-இல் ஆறாம் சார்ல் மன்னர், இங்கே பழுக்கவைக்கும் உரிமையை ரோக்ஃபோர் மக்களுக்கு அளித்தார். 1666-இல் துலூஸ் நீதிமன்றம் போலிகளை விற்கக் கூடாதென்றது. 1925-இல் ஃபிரான்சில் முதன்முதலாகப் பிறப்பிடப் பாதுகாப்புச் சட்டம் பெற்ற சீஸ் இதுதான். 1999-இல், ஹார்மோன் கொடுத்து வளர்த்த அமெரிக்க மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்த தகராறில் அமெரிக்கா இதற்கு 100 சதவீத வரி போட்டது. அதே வருஷம் ஆகஸ்டில், பக்கத்து மியோ ஊரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸை விவசாயிகள் தலைவர் ஜோஸே போவேயும் செம்மறி வளர்க்கும் விவசாயிகளும் பிரித்துப் போட்டார்கள். மாட்டிறைச்சிச் சண்டையில் ஆட்டுப்பால்காரர்களுக்கு அடி விழுந்தால் சும்மாவா இருப்பார்கள்?

போக நினைப்பவர்களுக்கு: துர்னமீர்-ரோக்ஃபோர் என்று ரயில் நிலையம் உண்டு, ஆனால் ரயில்கள் சொற்பம். மியோவிலிருந்து கார்தான் உத்தமம், 25 கி.மீ. சுமார். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். கறவை டிசம்பரிலிருந்து ஜூலை வரைதான். இலையுதிர் காலத்தில் போனால் காலிப் பலகைகளைத்தான் பார்க்க நேரும், வசந்தத்தில் போங்கள். வாங்கும்போது உறையில் சிவப்புச் செம்மறி முத்திரை இருக்கிறதா பாருங்கள். சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், குளிரில் உப்பு மட்டும்தான் தெரியும். காய்ச்சாத பால் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.