கண்ணாடிக் குடுவையில் ஒரு வெண்மடல்

ஏற்காட்டு நர்சரியில் வாங்கி வந்த பீஸ் லில்லிச் செடியை, சேலத்து வீட்டின் வடக்குச் சன்னலோரத்தில், மண்ணே இல்லாமல், கண்ணாடிக் குடுவை நீரில் ஓராண்டாக வளர்த்து வருகிறேன். வேரில் ஒட்டிய மண்ணைச் சிறிதும் விடாமல் அலசி, அழுகிய வேர்களை நறுக்கிவிட்டு, இலைக்காம்புகளும் வேர்களும் சேரும் கழுத்துப்பகுதி நனையாதவாறு கூழாங்கற்களின் மேல் நிறுத்தினேன். அந்தக் கழுத்து மூழ்கினால் செடி அழுகிவிடும் என்பதை, இதற்கு முன் வைத்த செடியை இழந்தே அறிந்தேன். குழாயில் வரும் மேட்டூர்க் குடிநீரை ஓர் இரவு திறந்து வைத்து, குளோரின் குறைந்த பிறகே வாரந்தோறும் மாற்றுகிறேன்.

பங்குனியில் முதல் பூ விரிந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சி பெரிது. வெண்மையாக விரிவது உண்மையில் பூவிதழ் அல்ல, பூக்கதிரைச் சூழ்ந்த இலை போன்ற மடல்தான். நடுக்கதிரில் நெருங்கி அமர்ந்திருக்கும் சிறு புள்ளிகளே பூக்கள். சேம்பின் உறவான இச்செடியில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், இலையைக் கடித்தால் வாய் எரியும். ஆகவே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.